ஓவன் சொன்ன பொய்

அக்கா,

சமையலறை ஜன்னலில் ஒரு வயர் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நடுவில் முறுக்கு, முறுக்கின் மேல் கறுப்பு டேப். வெயில் ஏறி ஜன்னல் கம்பி சுட ஆரம்பித்ததும் அதிலிருந்து ஒரு கருகல் வாடை கிளம்புகிறது. என் வீட்டுக்காரர், உங்கள் அருமைக் கொழுந்தனார், "அதத் தூக்கிக் குப்பையில போடு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் போடவில்லை. போடமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர், என் மூஞ்சியைப் பார்த்ததும் மூன்றாவது தடவை சொல்லாமல் விட்டுவிட்டார்.

இந்த வீட்டில் எது கருகினாலும் அது என் கைவரிசை என்றுதான் பேர். நீங்கள் இருந்தால் வாசலிலேயே மோப்பம் பிடித்து, "என்னத்தடி தீச்சுத் தொலைச்ச?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்திருப்பீர்கள். இந்தத் தடவை தீய்த்தது நானில்லை, அக்கா. யார் என்று உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியில் போட்டாலும் உங்களுக்கு வந்து சேராது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த ஓவன் நம் வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. பந்தல்குடியில் பேக்கரி நடத்தியவர் கடையை மூடிவிட்டு மகனோடு போய் இருக்கக் கிளம்பியபோது, அத்தான் அதைப் பேசி முடித்து, லோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் கண்ணாடிக் கதவு. மேலே சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள் மின்னும் ஒரு சின்னப் பலகை. வாசலில் இறக்கும்போது தெருவே கூடிவிட்டது. நம் மாமியார் மட்டும், "சோறாக்குற வீட்டுக்கு எதுக்குப்பா பீரோவாட்டம் ஒரு அடுப்பு?" என்று மோவாயை இடித்துக்கொண்டார். அத்தான் சிரித்தார். பொண்டாட்டி ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தால் பெருமைப்படுகிற மனுஷன் அவர். நீங்கள் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்க் கேக் வகுப்பு படித்துவிட்டு வந்திருந்தீர்கள். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த நாம் இரண்டு பேரும் முன்னறையில் அந்த ஓவனை வைத்துத் தொழிலை ஆரம்பித்தோம்.

உங்களுக்கு நூற்றெண்பது என்றால் நூற்றெண்பதுதான். பலகையில் அந்த எண் வந்து, பீப் என்று சத்தம் கேட்ட பிறகுதான் கேக் தட்டு உள்ளே போகும். மணி அடித்தால்தான் வெளியே வரும். நடுவில் கதவில் கை வைக்க விடமாட்டீர்கள். நான் உங்களுக்கு நேர் எதிர். சீக்கிரம் வேகட்டும் என்று இருநூறு, இருநூற்றிருபது என்று கைக்கு வந்தபடி ஏற்றிவிடுவேன். என் கேக் மேலே வெடித்து, ஓரம் கருகி, கோடையில் நம் கரிசல் காடு பிளந்து கிடக்கிற மாதிரி வரும். உங்களுடையது ஒரே சீராக எழும்பி நிற்கும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் என் முகத்துக்கு நேரேயே, "மூத்தவுக செய்றதா இருந்தாச் சொல்லுங்க" என்பார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "அது எப்படிக்கா ஒங்களுக்கு மட்டும் வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்கடி செய்றேன்? மிசினு சொல்றதக் கேக்குறேன். மிசினு பொய் சொல்லாது. மனுசந்தான் சொல்லுவான்."

இதை நீங்கள் முழுசாக நம்பினீர்கள். உங்களைக் கவிழ்த்ததும் இந்த நம்பிக்கைதான்.

பரளச்சிக் காட்டுக்கு மிளகாய்ப் பழம் பறிப்பைப் பார்க்கப் போன அத்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வருகிறது என்று முன்னறையை ஒழித்தார்கள். அத்தை ஓவனைக் காட்டி, "எழவு வீட்டுல கேக்கு மிசினு கண்ணுல பட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக? அதக் கொண்டுபோயிப் பின்னாடி போடுங்கப்பா" என்றார். ஆம்பளைகள் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் தள்ளினார்கள். நீங்கள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். நான் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதை எப்படி இழுத்தார்கள், பின்னால் என்ன ஆனது என்று நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து நான்தான் உங்களை வலுக்கட்டாயமாகக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். படுத்தே கிடந்தால் அந்த மனுஷன் பின்னாலேயே போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயம். சுவிட்சைப் போட்டதும் பலகை எழுபது என்று காட்டியது. இன்னும் சூடே ஏறவில்லை. நீங்கள் மேலே தகரத்தை ஒரு பார்வை, பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்குக் கரண்டே தேவையில்ல போலயேடி" என்றீர்கள். அத்தான் போன பிறகு நீங்கள் அடித்த முதல் கேலி. நான் சந்தோஷத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. எந்த ஊரில் அக்கா வெயில் எழுபது டிகிரி அடிக்கும்? அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான், அடிக்கும் அடிக்கும் என்று தோன்றும். மார்கழிக் குளிரிலும் அது அதே கதையைத்தான் சொன்னது. நாம் கேட்டுக்கொண்டோம்.

அன்றைக்குச் செய்த கேக் நடுவில் குழி விழுந்தது. கத்தியை வைத்தால் உள்ளே பிசுபிசு என்று மாவு. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். நீங்கள் முட்டையை மாற்றினீர்கள், மைதாவை மாற்றினீர்கள், வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தீர்கள். பலகை நூற்றெண்பது என்று காட்டியது. மணி சரியாக அடித்தது. மிசினு பொய் சொல்லாது. அப்படியானால் தப்பு எங்கே?

ஒருநாள் அவசர ஆர்டர் என்று நான் செய்தேன். வழக்கம்போல இருநூற்றிருபதுக்குத் திருகிவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்தால், வாழ்நாளில் நான் பார்க்காத கேக். வெடிப்பில்லை, கருகல் இல்லை, பஞ்சாக எழும்பி நின்றது. ஓவன் அவ்வளவு குறைவான சூட்டில் எரிந்துகொண்டிருந்தது என்பதும், என் அவசரக் குடுக்கைத்தனம் அதைச் சரிக்கட்டியது என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்? கேக்கைப் பார்க்க எல்லாரும் வந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராசி கை மாறிருச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். நீங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அத்தைக்கு அது புதுசும் இல்லை. மாமா போனபோது அவருக்குக் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அன்றிலிருந்து நல்லது கெட்டதில் பின்னால் நின்று பழகியவர். "நான் ஒதுங்கல? அவளும் ஒதுங்கட்டும். புள்ளைக பொறந்தநாளு, நிச்சயதார்த்தம்னு செய்ற பண்டம். தாலி இல்லாதவ கை எதுக்கு?" என்றார்.

நான் விடவில்லை, அக்கா. அதற்கு நீங்களே சாட்சி. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்று சத்தம் போட்டேன். அத்தை, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார். உங்கள் கொழுந்தனார் அதற்கும் ஒரு படி மேலே போய் நியாயம் பேசினார்.

"என்னத்த மெக்கானிக்கு? நீ செஞ்சா நல்லா வருதுல்ல?"

"வருது."

"அதே மிசினுதான?"

"அதேதான்."

"அப்ப மிசினுல கோளாறு இல்லேல்ல? விடு."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களாவது ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேக் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கழுவுவதற்குத் தொட்டிக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை அதுதான் என்று ஆகிவிட்டது. ஆர்டர் கொடுக்கிற ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. "தப்பா எடுத்துக்காதீக, இப்ப யாரு செய்றாக?" என்று கேட்டார்கள். அத்தைதான் போனை வாங்கி, "எளையவதான் செய்றா, பயப்படாம எடுத்துக்கங்க" என்றார். ஊர் முழுக்க என் கைராசியைப் பேசியது. அது உங்களை மிதித்துக்கொண்டு ஏறி நின்ற ராசி.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். தாரணிக்குச் சடங்கு வைத்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்றதுதான் நான், அவளை வளர்த்தது நீங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்ற குறையே தெரியாத அளவுக்கு உங்கள் மடியிலேயே கிடந்த பிள்ளை. "பெரியம்மா செஞ்ச கேக்குதான் வெட்டுவேன்" என்று அடம் பிடித்தாள். அத்தை வேண்டாம் என்பார், அவரோடு ஒரு கை பார்த்துவிடலாம் என்று நான் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு தயாராக நின்றேன். அத்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள்.

"வேண்டாந்தாயி. எங் கை ஆகாது. ஏம் புள்ளைக்கு நானே கெடுதல் செய்வனா?"

கொட்டகையில் உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "நீங்க மாவை மட்டும் கலக்கிக் குடுங்கக்கா, நான் வேக வச்சுக்கிறேன்" என்றேன். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் கைதட்டி, தாரணி கேக் வெட்டியபோது நீங்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று எட்டிப் பார்த்தீர்கள். அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி ஓடி வந்தாள். நீங்கள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டீர்கள். திருப்பி அவளுக்கு ஒரு துண்டு ஊட்டவில்லை.

அதற்கு அப்புறம் சர்க்கரை வியாதியும் உப்புச் சத்தும் உங்கள் உடம்பை அரித்தன. மாத்திரையைப் போட்டீர்களோ, ஜன்னல் வழியாக எறிந்தீர்களோ, யார் கண்டது. நீங்கள் போன அன்றைக்கு அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "எங் குலவிளக்கே" என்று ஒப்பாரி வைத்தார். நான் அழவில்லை. அதையும் நாலு பேர் பேசினார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்ச நாளாக என் கேக்கும் குழி விழ ஆரம்பித்தது. இருநூற்றிருபதுக்கு வைத்தும் வேகவில்லை. அதே பிசுபிசுப்பு, அதே பள்ளம், உங்களுக்கு வந்த அதே நோய். நான் அத்தை முகத்தைப் பார்த்தேன். ராசி மறுபடியும் கை மாறிவிட்டது என்று சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. உங்கள் கொழுந்தனார் கேக்கைப் பிட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"மிசினு பழசாயிருச்சு. மாத்திருவோம்."

எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்று ஏறியது. என் கேக் வேகாவிட்டால் மிசினு பழசு. உங்கள் கேக் வேகாவிட்டால் தாலி இல்லாத கை. "மாத்த வேண்டாம். இதுக்கு என்ன கேடுன்னு நான் பாக்குறேன்" என்றேன். என்னோடு போனில் பேசிக்கொள்ளும் கேக் செய்கிற பெண்கள், ஓவனுக்குள் தொங்கவிடுகிற சூடு பார்க்கும் டயல் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். வாங்கித் தொங்கவிட்டேன். பலகை நூற்றெண்பது என்றது. டயலின் முள் நூற்றிருபதைக்கூடத் தொடவில்லை. எனக்கும் முதலில் டயல்மேல்தான் சந்தேகம் வந்தது. பாருங்கள், உங்கள் வியாதி எனக்கும் ஒட்டியிருக்கிறது. டயலை எடுத்து இட்லிச் சட்டியில் வைத்து மூடினேன். ஆவி வந்ததும் முள் நூறில் போய் நின்றது. இட்லிச் சட்டி யாருக்காகவும் பொய் சொல்லாது. அப்படியானால் பொய் சொன்னது ஓவன்.

மறுநாள் டவுன் முழுக்கக் கரண்டை நிறுத்துகிற மாதாந்திர நாள். இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, உங்கள் கொழுந்தனாரின் மோட்டார் சாமான் பையிலிருந்து திருப்புளியையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். ஓவனின் முதுகுத் தகட்டைக் கழற்றியதும் ஒரு கூடை ஒட்டடை மேலே விழுந்தது. அதற்குள் சென்சார் இருந்தது. பென்சில் கனத்தில் ஒரு குச்சி, நுனி ஓவனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அடியிலிருந்து வயர் கிளம்பிப் பலகைக்குப் போகும். சூடு ஏற ஏற அந்தக் குச்சியில் மின்சாரத்துக்குத் தடை கூடும். அந்தத் தடையை அளந்துதான் பலகை சூட்டைச் சொல்கிறது. போனில் வீடியோ பார்த்து இவ்வளவும் தெரிந்துகொண்டேன். ஆறிக் கிடக்கிற ஓவனில் அந்தத் தடை நூற்றுப் பத்து ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் சரி என்றார்கள். குச்சியின் அடியில் மீட்டரை வைத்தேன். சரியாகக் காட்டியது. பலகைப் பக்கம் வயரின் முனையில் வைத்தேன். இருபதுக்கு மேல் கூடியிருந்தது.

நடுவில் என்ன இருக்கிறது என்று வயரோடு விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். கறுப்பு டேப் தட்டுப்பட்டது. அறுந்த வயரை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப் கருகி இளகியிருந்தது. ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் உள்ளே கம்பி பச்சை பிடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த அரைகுறை முறுக்கு தானும் ஒரு தடையாகக் குறுக்கே நின்றது. பலகை அதையும் சூடு என்று எண்ணிக்கொண்டது. அதனால்தான் ஆறிக் கிடந்த ஓவன் எழுபது காட்டியது. அதனால்தான் நூற்றெண்பது வரும் முன்னாலேயே வந்துவிட்டது என்று சொல்லி சூட்டை நிறுத்திக்கொண்டது. வருடம் ஆக ஆகக் கம்பி இன்னும் கெட்டு, என் அவசரத்துக்கும் அடங்காமல் போய்விட்டது. கூடம் நிஜமாகவே கோணல்தான், அக்கா.

புதுச் சென்சாரை, நடுவில் ஒட்டு இல்லாத முழு வயரோடு, மதுரையில் வாங்கிவந்து நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் முப்பத்து மூன்று என்று காட்டியது. அருப்புக்கோட்டை வெயில் அவ்வளவுதான். நூற்றெண்பதுக்கு வைத்தேன், டயலும் அங்கேயே வந்து நின்றது. பிறகு உங்கள் அளவில், உங்கள் முறையில் ஒரு கேக். பீப் என்ற பிறகு வைத்தேன், கதவைத் தொடவில்லை, மணி அடித்ததும் எடுத்தேன். ஒரே சீராக எழும்பி நின்றது. நீங்கள் போன அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. ஓவன் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

உங்கள் கொழுந்தனார் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது வயர் துண்டை முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது யாரு போட்ட டேப்பு?"

வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் யோசிக்கவில்லை. மோட்டார் வயரிலும் அவர் இப்படித்தான் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுவார். "காரியத்தன்னைக்கு இழுக்கும்போது அந்துபோச்சு. முறுக்கிச் சுத்துனேன். ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு. அக்கா கை ஆகாதுன்னு சொல்ற அளவுக்கு ஓடுச்சு."

"நானா சொன்னேன்? அம்மாதான சொன்னாக."

"நீங்க கேட்டுக்கிட்டு நின்னீக."

"இப்ப என்ன செய்யச் சொல்ற? செத்தவுகள எழுப்பிக் கூட்டியாரவா?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மாகிட்டச் சொல்லாத. வயசான காலத்துல" என்றார். தோள் துண்டை முகத்தில் வைத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதாரோ, வியர்வையோ. எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

நேரே அத்தையிடம்தான் போனேன். முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இட்லிச் சட்டியைச் சொன்னேன், டேப்பைச் சொன்னேன், அவர் மகன் சுற்றியதைச் சொன்னேன், உங்கள் அளவில் வந்த கேக்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். முறம் நிற்கவில்லை.

"மிசினு அன்னைக்குப் பாத்து ஏன் கெடணும்?"

"அன்னைக்குத்தானத்த அத இழுத்துப் போடச் சொன்னீக."

முறம் நின்றது. "அவ கையில ஒண்ணுமில்லேங்குற?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப ஏங் கையில?" என்று கேட்டார். "பெத்த மகன் தாலி கட்டயில நான் சமையக்கட்டுல போயி நின்னேன். ரெண்டு மகனுக்கும் அப்படித்தான் நின்னேன். கெட்டிமேளச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேன். அது எதுக்குடி?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொல்லாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி அவரிடமே கிடக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். நல்ல மனுஷியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், அக்கா. அவர்கள் சொன்னார்கள், சரி. நீங்கள் ஏன் நம்பினீர்கள்? ஒரே ஒரு தடவை, "என் கைக்கு என்ன கேடு?" என்று கத்தியிருந்தால் நான் அந்த ஓவனை அன்றைக்கே உடைத்துப் பார்த்திருப்பேனே. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றீர்களே, அது எனக்குத் தூங்கும்போதும் வருகிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது கேக் அளவு மட்டும் இல்லை. நீங்கள் படாத கோபம் முழுவதும் எனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை இறக்கிவைக்க இடமும் இல்லை, ஆசையும் இல்லை.

இப்போது யார் ஆர்டர் கொடுக்க வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அளவு எங்க அக்காவோடது. அவுக தாலி இல்லாதவுக. சம்மதம்னா எடுத்துக்கங்க." சிலர் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு சடங்கு வீட்டம்மா நேரில் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு முகம் சுருங்கி, "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வரமாட்டார் என்று தெரிந்தது. நான் கூப்பிடவில்லை.

உள்ளே மல்லி புடைத்துக்கொண்டிருந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தம்மா தெருவைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து சத்தமாக, "போனாப் போறா" என்றார்.

இந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கு, "இப்ப யாரு செய்றாக?" என்று போன் வந்தபோது சொல்லியிருக்கலாம், அக்கா. அவ்வளவுதான் உங்களுக்குத் தேவையாக இருந்தது.